‘டெத் ரேஸ் 2050’ பார்த்த கதை

90 வயதில் ஒரு தயாரிப்பாளர், நாற்பது ஆண்டுகளுக்கு முன் தானே எடுத்த படத்தை மறுபடி எடுக்கிறார் என்றால் யாருக்கும் ஓர் ஆசை வரத்தான் செய்யும். எனக்கும் வந்தது. ரோஜர் கார்மன் 1975இல் தயாரித்த ‘டெத் ரேஸ் 2000’ எனக்கு மிகவும் பிடித்த மட்டரகப் படங்களில் ஒன்று. மட்டரகம் என்பதை இங்கே பாராட்டாகவே சொல்கிறேன். அதே கார்மன் 2017 ஜனவரியில், திரையரங்கு பக்கமே போகாமல், நேராக வீடியோவில் ‘டெத் ரேஸ் 2050’ என்று ஒன்றை இறக்கினார். இயக்கம் ஜி. ஜே. எக்டர்ன்காம்ப். சிலர் இதைத் தொடர்ச்சி என்கிறார்கள், சிலர் ரீமேக் என்கிறார்கள். எலும்புக்கூடு என்னவோ பழையதுதான். அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கார் பந்தயம், வழியில் அகப்படும் பாதசாரிகளை ஏற்றிக் கொன்றால் மதிப்பெண், பிராங்கன்ஸ்டைன் என்ற பெயரில் ஒரு சாம்பியன், அவனுக்குப் பக்கத்து இருக்கையில் ரகசியமாகப் புரட்சிக் குழுவைச் சேர்ந்த ஒரு பெண். அவள் பெயர்கூட மாறவில்லை, அன்றும் ஆனி, இன்றும் ஆனி. ஆகவே நான் ரீமேக் என்றே சொல்லப் போகிறேன்.

பார்த்து முடித்ததும் ஏமாற்றம். அதில் ஒன்றும் புதுமை இல்லை, இந்த வகைப் படங்களைத் தேடிப் பார்ப்பவர்களுக்கு ஏமாற்றம் பழகிப்போன விஷயம். எதனால் ஏமாந்தோம் என்று யோசித்தபோதுதான் சுவாரசியம் பிடித்தது. இம்மாதிரிப் படங்களைப் பற்றி எல்லாரும் சொல்வது ஒன்றே: காசில்லாமல் எடுத்திருக்கிறார்கள், கிராபிக்ஸ் வீடியோ கேம் மாதிரி இருக்கிறது. சரி, இருக்கட்டும். பழைய படத்துக்கு மட்டும் காசு இருந்ததா என்ன? அதன் செலவு சுமார் 3 லட்சம் டாலர் என்றுதான் பெரும்பாலும் குறிப்பிடுவார்கள். அந்தக் காலத்திலேயே ஹாலிவுட்டுக்கு அது சில்லறைப் பணம். அதில் வரும் எதிர்கால நகரம் வெறும் ஓவியம், பார்த்தாலே தெரியும். கார்கள் சிலவற்றுக்கு அடியில் இருந்தது பழைய வோக்ஸ்வாகன் காரின் அடிச்சட்டம், மேலே முதலைப்பல்லும் மாட்டுக்கொம்பும் கத்தியுமாக ஒரு கூடு. உற்றுப் பார்த்தால் சில இடங்களில் படம் சற்று வேகமாக ஓட்டப்பட்டிருப்பதும் கண்ணில் படும். காரின் வேகம் போதாததைக் கேமரா ஈடுகட்டுகிறது. இத்தனையும் தெரிந்தே பார்த்தாலும் அந்தப் படம் இன்றும் பிடிக்கிறது. அப்படியென்றால் புதியதில் குறைந்தது காசு மட்டும் இல்லை.

பழைய படம் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இப் மெல்கியோர் 1956இல் எழுதிய ஒரு சிறுகதை அதற்கு மூலம். 1975இல் ‘ரோலர்பால்’ என்ற பெரிய படம் வரப்போகிறது, எதிர்காலத்தில் அரசும் கம்பெனிகளும் நடத்தும் கொலைகார விளையாட்டைப் பற்றி. கார்மனுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. அதே வகையில் ஒன்றைக் குறைந்த செலவில் எடுத்து, சில மாதம் முன்னதாகவே வெளியிட்டுவிட்டார். இயக்கியவர் பால் பார்ட்டெல். நாயகன் டேவிட் கேரடைன். வில்லன் மெஷின் கன் ஜோவாக வருபவர், அடுத்த ஆண்டே உலகப் புகழ் பெறப்போகும் சில்வெஸ்டர் ஸ்டாலோன். ஒளிப்பதிவு டாக் ஃபுஜிமோட்டோ, பின்னாளில் பெரிய பெரிய படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தவர். கார்மனிடம் இதுதான் விசேஷம், சம்பளம் குறைவாகக் கொடுப்பார், ஆனால் யாரைப் பிடிக்க வேண்டும் என்று தெரியும். வெளிவந்தபோது அமெரிக்காவின் பிரபல திரை விமர்சகர் ரோஜர் ஈபெர்ட் அதற்கு ஒரு நட்சத்திரம்கூடக் கொடுக்கவில்லை, பூஜ்யம் போட்டார். அந்தக் கோபத்துக்கும் நியாயம் உண்டு என்பது என் கருத்து, ஏனென்றால் படம் கோபப்படுத்துவதற்காகவே எடுக்கப்பட்டது.

அதன் உலகம் இரண்டு மூன்று தகவல்களில் முடிந்துவிடும். 1979இல் பொருளாதாரம் குப்புற விழுந்தது, ராணுவச் சட்டம் வந்தது, கட்சிகள் எல்லாம் ஒன்றாகிவிட்டன. மிஸ்டர் பிரசிடென்ட் என்று ஒருவர் ஆள்கிறார், அவருடைய கோடைக்கால அரண்மனை இருப்பது பீக்கிங்கில். நாட்டில் எது கெட்டுப்போனாலும் பழி பிரெஞ்சுக்காரர்கள்மேல். தொலைபேசி வேலை செய்யவில்லையா, அதற்கும் பிரெஞ்சுக்காரர்கள்தான் காரணம். இதில் எதற்குமே செலவு கிடையாது. எல்லாம் வசனம், எல்லாம் ஓர் அறிவிப்பாளரின் வாய் வழியாக வருவது.

மதிப்பெண் பட்டியலும் அப்படியே. பதின்ம வயதினருக்கு 40, 12 வயதுக்குக் கீழே 70, ஆணோ பெண்ணோ 75ஐத் தாண்டியவர்களுக்கு 100. விளையாட்டு வர்ணனையாளர் எந்தக் குரலில் ஓட்ட எண்ணிக்கையைச் சொல்வாரோ அதே உற்சாகக் குரலில் இதைச் சொல்கிறார்கள். முதல் தடவை கேட்டபோது என் முதுகில் சில்லிட்டது, அடுத்த நொடியே சிரிப்பும் வந்தது. இரண்டும் ஒன்றாக வருவதுதான் இந்தப் படத்தின் சரக்கு.

நான் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்ப்பது முதியோர் மருத்துவமனைக் காட்சியை. பந்தயம் அந்த வழியாக வருகிறது. நர்சுகள் சிரித்த முகத்தோடு வயதானவர்களைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து சாலையின் நடுவில் வரிசையாக நிறுத்துகிறார்கள். ஆண்டுதோறும் நடப்பது, அதற்கென்று ஒரு நாளே இருக்கிறது. வேலையை முடித்துவிட்டு டாக்டர்களும் நர்சுகளும் ஓரமாகப் போய் வேடிக்கை பார்க்க நிற்கிறார்கள். பிராங்கன்ஸ்டைனின் கார் வருகிறது. வரிசையைத் தவிர்த்து வளைந்து, ஓரமாக நிற்கும் டாக்டர்களையும் நர்சுகளையும் அடித்துக்கொண்டு போகிறது. அவ்வளவுதான். ஒரு சாலை, சில சக்கர நாற்காலிகள், கொஞ்சம் வெள்ளை அங்கி, ஒரு கார். கிராபிக்ஸ் இல்லை, வெடி இல்லை, யாரும் கத்தவும் இல்லை. நர்சுகளின் மரியாதையைக் கவனியுங்கள், போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போகும் அந்தக் கரிசனம் தோய்ந்த பாவனை. அந்த உலகத்தில் அது ஒரு சாதாரண வேலைநாள். நடிப்பவர்கள் யாரும் நம்மைப் பார்த்துக் கண் சிமிட்டுவதில்லை.

கண் சிமிட்டுவது. இந்த ஒன்றில்தான் புதிய படம் என்னை இழந்தது.

‘டெத் ரேஸ் 2050’இல் யோசனைகளுக்குப் பஞ்சம் கிடையாது, இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நாட்டின் பெயர் யுனைடெட் கார்ப்பரேஷன்ஸ் ஆஃப் அமெரிக்கா, அதாவது மாநிலங்களின் இடத்தில் கம்பெனிகள். வேலையெல்லாம் இயந்திரங்கள் பார்க்கின்றன, மக்கள் தொகை மிதமிஞ்சிவிட்டது, வேலையில்லாத கூட்டம் கண்ணில் மெய்நிகர்க் கருவியை மாட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தபடியே பந்தயத்தை ‘அனுபவிக்கிறது’. ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்காரும் பெண், பார்வையாளர்களின் கண்ணாகவும் காதாகவும் போகிறாள். 1975இல் இருந்த ரசிகன் காரின் வெளியே நின்றான். 2050இன் ரசிகன் காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். எவ்வளவு நல்ல பிடி! கொலையை வேடிக்கை பார்ப்பவனுக்கும் கொலை செய்பவனுக்கும் இடையே இருந்த அந்தச் சின்ன இடைவெளியையும் எடுத்துவிட்டார்கள். இதை வைத்துக்கொண்டு ஒரு நல்ல படமே எடுத்திருக்கலாம்.

எடுக்கவில்லை. அந்த யோசனை அறிவிக்கப்படுகிறது, பிறகு மறக்கப்படுகிறது. அந்த வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவன் யார், ஓட்டுநர் ஒருவர் செத்தால் அவனுக்கு என்ன ஆகிறது, பயமா கிளுகிளுப்பா, எதற்கும் படம் நேரம் ஒதுக்கவில்லை. பதிலாக அடுத்த ஜோக்குக்கு ஓடுகிறது. போட்டியாளர்களைப் பாருங்கள்: மரபணுவில் செதுக்கிய ஓர் அழகன், ஒரு பாப் பாடகி, ஒரு மத வெறிக் கும்பலின் தலைவி, தானாக ஓடும் செயற்கை நுண்ணறிவுக் கார் ஒன்று. இந்தக் கார் கொஞ்ச தூரம் போனதும் தான் யார் என்று குழம்பத் தொடங்கும். நான்குமே நல்ல கேலிச்சித்திரங்கள்தான். ஆனால் நால்வரும் முதல் வினாடியிலிருந்தே உச்சக்குரலில் கத்துகிறார்கள், உடையும் ஒப்பனையும் அவர்களோடு சேர்ந்து கத்துகின்றன. ஒரு ஜோக்கைச் சொல்வார்கள், அப்புறம் அது ஜோக் என்று தெரிவிக்க ஒரு முகபாவம், அப்புறம் பக்கத்தில் இருப்பவர் அதையே விளக்கி ஒரு வசனம். மூன்று தடவை குத்தினால் ஊசிக்கும் முனை மழுங்கும்.

தலைவராக வருபவர் மால்கம் மெக்டவல். அவர் தலைமுடியைப் பார்த்தால், படம் வெளிவந்த மாதத்தில் அமெரிக்க அதிபராக யார் பதவியேற்றார் என்பது தானாக நினைவுக்கு வரும். நாயகன் மனு பென்னட். இந்தப் படத்தில் நேராக, உண்மையாக நடித்த ஒரே ஆள் என்று அவரைச் சொல்வேன். தன்னைச் சுற்றி ஒரு சர்க்கஸ் நடப்பது தெரியாதவர் போல, களைத்துப்போன மனிதனாக வருகிறார். அவர் பேசும் இடங்களில் மட்டும் பழைய படத்தின் வாடை அடிக்கிறது. மற்றவர்களையும் இப்படி நடிக்கச் சொல்லியிருந்தால் என்று ஏங்கினேன்.

இங்கே என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனும் என்னோடு உட்கார்ந்து பார்த்தான். பழைய படத்தைப் பார்க்காதவன். அவனுக்கு இது பிடித்திருந்தது. ரத்தம் தெறிக்கும்போதெல்லாம் வாய்விட்டுச் சிரித்தான். நான் நடுநடுவே நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, நிழல் சரியில்லை, ஸ்டியரிங் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்ததில் அவனுக்கு எரிச்சல். “அக்கா, நீ படம் பார்க்கிறியா, பரீட்சைப் பேப்பர் திருத்துறியா?” என்றான். நியாயமான கேள்வி. “மோசமா இருக்கணும்னு நினைச்சே மோசமா எடுத்திருக்காங்க, அதுதான் ஜோக்” என்பது அவன் கட்சி. இதே வாதத்தைப் பலரிடம் கேட்டிருக்கிறேன். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ‘வேண்டுமென்றே மோசம்’ என்பது எல்லாத் தவறுகளுக்கும் முன்கூட்டியே வாங்கி வைத்த மன்னிப்புக் கடிதம் ஆகிவிடுகிறது. பழைய படத்தில் யாரும் வேண்டுமென்றே மோசமாக எடுக்கவில்லை. கையில் இருந்த காசுக்குள் முடிந்த அளவு நன்றாக எடுக்கப் பார்த்தார்கள். அந்த முயற்சி திரையில் தெரிகிறது, அதனால் ஓட்டையைக்கூட ரசிக்க முடிகிறது. ஓட்டையைத் தானே காட்டிச் சிரிப்பவனோடு நாம் எதற்குச் சிரிக்க வேண்டும்?

தம்பி ஒப்புக்கொள்ளவில்லை. போகட்டும்.

எனக்கு எடிட்டிங் கொஞ்சம் தெரியும், அதனால் இப்படிப்பட்ட படங்களைப் பார்க்கும்போது கண் தானாகச் சில இடங்களுக்குப் போய்விடும். ஒரு மாலைப்பொழுதைக் கொடுப்பதற்கு முன் டிரெய்லரிலேயே இவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கார் ஓட்டும் காட்சிகள். நின்றுகொண்டிருக்கும் காரில் நடிகரை உட்காரவைத்து, பின்னால் பச்சைத் திரை கட்டி எடுத்து, சாலையைப் பிறகு கம்ப்யூட்டரில் சேர்த்தால் மூன்று விஷயங்கள் காட்டிக்கொடுக்கும். முகத்தில் விழும் வெளிச்சம் மாறவே மாறாது. ஓடும் காரில் மரத்தடியில் போனால் நிழல் விழும், திரும்பினால் வெயில் கன்னத்திலிருந்து காதுக்கு நகரும், ஸ்டூடியோவில் அது நடக்காது. அடுத்தது ஸ்டியரிங். பின்னால் சாலை நேராகப் போகும்போதும் நடிகர் சக்கரத்தை இடதும் வலதுமாக ஆட்டிக்கொண்டே இருப்பார், இல்லாவிட்டால் ‘ஓட்டுவது’ தெரியாதே என்ற பயம். கடைசியாக உடம்பு. ஓடும் காரில் தலையும் தோளும் சின்னச் சின்னதாகக் குலுங்கும். நிற்கும் காரில் கேமராவைத்தான் குலுக்குவார்கள், அப்போது காரும் ஆளும் ஒன்றாகக் குலுங்குவார்கள். ‘2050’இல் இவை மூன்றும் வேண்டிய மட்டும் கிடைக்கும்.

ரத்தம் இன்னொன்று. கம்ப்யூட்டரில் சேர்த்த ரத்தம் எதையும் நனைக்காது. காற்றில் தெறிக்கும், தரையை எட்டுவதற்குள் மறைந்துவிடும். அடுத்த ஷாட்டில் சட்டை சுத்தமாக இருக்கும். சர்க்கரைப் பாகில் சாயம் கலந்து எடுக்கும் பழைய முறையில் இந்தச் சலுகை கிடையாது. ஒரு தடவை தெறித்தால் உடையும் தரையும் நாசம், மறுபடி எடுக்க வேண்டுமானால் எல்லாவற்றையும் துடைத்து, வேறு சட்டை மாட்டி எடுக்க வேண்டும். அதனாலேயே எங்கே தெறிக்க வேண்டும் என்று யோசித்து வைப்பார்கள். விலை மலிவானதும் யோசனையும் மலிவாகிவிட்டது, எல்லா இடத்திலும் தெளிக்கிறார்கள்.

டிரெய்லரில் வண்டி ஓடும் ஒரு ஷாட்டாவது வெட்டில்லாமல் மூன்று, நான்கு வினாடி நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காமல் அரை வினாடிக்கு ஒரு வெட்டு என்றால், வெட்டுக்கும் வெட்டுக்கும் நடுவில் அவர்களிடம் எதுவும் இல்லை என்று அர்த்தம். கூட்டத்தையும் பாருங்கள். ஒரே பத்துப் பேர் வேறு வேறு கோணத்தில் கைதட்டுகிறார்களா? அப்புறம், போஸ்டரில் பெரிதாக இருக்கும் பிரபல முகம் டிரெய்லர் முழுக்க ஒரே அறையில், ஒரே நாற்காலியில் இருந்தால் கொஞ்சம் உஷாராகிவிடலாம். தெரிந்த நடிகர் ஒருவரைச் சில நாளுக்கு மட்டும் பேசி முடித்து, அவருடைய பகுதி முழுவதையும் ஒரே இடத்தில் எடுத்துவிடுவது சின்ன பட்ஜெட்டில் பழைய வழக்கம். அது தவறே இல்லை, கார்மன் காலங்காலமாகச் செய்ததுதான். ஆனால் அந்த முகத்தை நம்பி உட்காராதீர்கள்.

இவ்வளவும் தொழில்நுட்பக் கோளாறு. இவற்றையெல்லாம் நான் மன்னிக்கத் தயார். டிரெய்லரில் கண்டுபிடிக்க முடியாத ஒன்றுதான் முக்கியம், அதற்குப் படத்தின் முதல் பத்து நிமிடம் தேவை. அந்தப் பத்து நிமிடத்தில், படத்துக்குள் இருக்கும் மனிதர்களுக்கு அவர்களுடைய உலகம் நிஜமாக இருக்கிறதா என்று மட்டும் கவனிப்பேன். பசிக்கிறவனுக்குப் பசி நிஜமா? கொல்லப்படப் போகிறவனுக்குப் பயம் நிஜமா? ஆம் என்றால் அட்டைப்பெட்டியில் செய்த நகரமாக இருந்தாலும் உட்காருவேன். அவர்களே தங்கள் உலகத்தைப் பார்த்து நக்கலடித்தால் எழுந்துவிடுவேன். கொடுங்கோல் எதிர்காலத்தைப் பற்றிய படங்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். பயமே இல்லாத கொடுங்கோன்மை மாறுவேடப் போட்டியாகத்தான் முடியும்.

சின்னப் படம், குறும்படம் எடுக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கும் ஒன்றிரண்டு சொல்ல ஆசை. ஜான் கார்பென்டரின் 1981 படமான ‘எஸ்கேப் ஃப்ரம் நியூயார்க்’கில், கிளைடரில் பறக்கும் நாயகனின் திரையில் நகரம் பச்சைக் கோடுகளாகத் தெரியும். கம்ப்யூட்டரில் வரைந்தது போலவே இருக்கும். அன்றைக்குக் கம்ப்யூட்டரில் அப்படி வரையச் செலவு கட்டுப்படியாகாது. ஆகவே கட்டடங்களின் சிறு மாதிரிகளைச் செய்து, கறுப்புச் சாயம் அடித்து, விளிம்புகளில் ஒளியைத் திருப்பும் நாடாவை ஒட்டி, விளக்கடித்துப் படம்பிடித்தார்கள். காசில்லாததை மறைக்கவும் இல்லை, காட்டி இளிக்கவும் இல்லை, வேறு வழியில் அதே இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 1979இல் வந்த முதல் ‘மேட் மேக்ஸ்’ எடுக்கும்போது ஜார்ஜ் மில்லர் தன் சொந்த வேனையே மோதலுக்குக் கொடுத்தார். அந்தப் படத்தில் போலீஸ்காரர்கள் போட்டிருக்கும் தோல் உடைகளில் பெரும்பாலானவை தோலே அல்ல, வினைல். யாருக்காவது உறுத்தியதா? படத்தில் இருப்பவர்கள் அதைத் தோலாக நினைத்தே நடந்தார்கள்.

இந்த வரிசையில் ‘டெத் ரேஸ் 2000’இன் இன்னொரு சமாச்சாரம். பிராங்கன்ஸ்டைனின் வலது கை செயற்கைக் கை, அதற்குள் ஒரு கையெறி குண்டு. பந்தயத்தில் வென்றால் பிரசிடென்ட் கைகுலுக்குவார், அப்போது வெடிக்கவைக்கலாம் என்பது அவன் திட்டம். கதையின் மொத்தப் பதற்றமும் ஒரு கையுறைக்குள் அடங்கிவிட்டது. பாருங்கள், இதற்கு எவ்வளவு செலவாகியிருக்கும்? ஒரு கையுறையின் விலை. பட்ஜெட் சின்னது என்றால் பதற்றத்தையும் சின்னப் பொருளுக்குள் வைக்க வேண்டும். ‘2050’ இதற்கு நேர்மாறாக, தன்னால் காட்ட முடியாத பெரிய விஷயங்களைத்தான் காட்ட ஆசைப்படுகிறது. பறந்து வரும் ஊர்தி, பிரம்மாண்ட நகரம், வெடித்துச் சிதறும் கூட்டம். ஒவ்வொன்றிலும் தோற்கிறது, ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு கண்சிமிட்டல்.

அப்படியானால் காசு கொட்டினால் சரியாகிவிடுமா என்றால், இல்லை. 1975இன் ‘ரோலர்பால்’ படத்துக்கும் 2002இல் ரீமேக் வந்தது. பெரிய பட்ஜெட், ஜான் மெக்டியர்னன் போன்ற பெரிய இயக்குநர். வெளியாவதற்கு முன் வன்முறையைக் குறைத்து இளவயதினருக்கு ஏற்றபடி வெட்டினார்கள். நடுவில் ஒரு நீண்ட துரத்தல் முழுக்க இரவு நோக்கிக் கேமராவின் பச்சை நிறத்தில் ஓடும், யார் யாரைத் துரத்துகிறார்கள் என்பதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். மூலத்தில் இருந்த கம்பெனிகளின் ஆட்சி, தனிமனிதன் பெரிய ஆளாகிவிடக் கூடாது என்பதற்காகவே அந்த விளையாட்டு என்ற கூர்மையான கருத்து, இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு மோதலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பணக்காரத் தோல்வி. அதைவிட ‘2050’ மேல் என்பேன். குறைந்தபட்சம் பாதசாரிக்கு மதிப்பெண் என்ற அசல் அசிங்கத்தை அது கைவிடவில்லை.

அதைக் கைவிட்ட படம் 2008இல் வந்த ‘டெத் ரேஸ்’. பால் டபிள்யூ. எஸ். ஆண்டர்சன் இயக்கம், ஜேசன் ஸ்டேத்தம் நாயகன். பந்தயத்தைத் தனியார் சிறைக்குள் கொண்டுபோனார்கள், கைதிகள் ஒருவரையொருவர் கொல்கிறார்கள், ஐந்து முறை வென்றால் விடுதலை, வெளியே இருப்பவர்கள் காசு கட்டி நேரலையில் பார்க்கிறார்கள். சிறை அதிகாரியாக ஜோன் ஆலன் குளிர்ச்சியாக நடித்திருப்பார். கார்கள் நிஜம், இரும்பு நசுங்கும் சத்தம் நிஜம். ஆக்‌ஷன் படமாக எனக்குக் குறையே இல்லை. ஆனால் சாகிறவர்கள் எல்லாரும் ஆயுதத்தோடு இருக்கும் கைதிகள் என்று ஆனபிறகு பார்ப்பவனுக்கு உறுத்த ஒன்றும் இல்லை, வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடலாம். பழைய நாயகன் டேவிட் கேரடைனின் குரலைத் தொடக்கத்தில் பிராங்கன்ஸ்டைனுக்காகப் பயன்படுத்தியிருப்பது மட்டும் ஒரு நல்ல மரியாதை.

இந்தப் பெயரில் படங்கள் குவிந்து கிடப்பதால் தேடுகிறவர்கள் குழம்பிப்போகிறார்கள். எண்ணை வைத்து வரிசை பிடிக்காதீர்கள். 1975இன் ‘2000’மும் 2017இன் ‘2050’உம் ஒரு குடும்பம். 2008 படம் வேறு குடும்பம், அதற்கு வாரிசுகள் அதிகம். 2010இல் வந்த ‘டெத் ரேஸ் 2’, எண்ணில் இரண்டாக இருந்தாலும் கதையில் 2008க்கு முந்தியது. 2013இன் ‘இன்பெர்னோ’வும் அப்படியே, பந்தயத்தைக் கலஹாரி பாலைவனத்துக்குக் கொண்டுபோகும். இரண்டிலும் லூக் காஸ் நாயகன், இரண்டும் நேராக வீடியோவுக்கு வந்தவை, சின்னக் காசில் எடுத்திருந்தாலும் நிஜ வண்டிகளை நிஜ மண்ணில் ஓட்டியிருப்பதால் ‘2050’ஐவிடக் கண்ணுக்கு இதமானவை. 2018இன் ‘பியாண்ட் அனார்க்கி’ 2008க்குப் பிந்தியது.

பார்ப்பது என்று முடிவெடுத்தால் ‘2050’ஐ முதலில் முடித்துவிடுங்கள், 1975ஐ அப்புறம் எடுங்கள், இரண்டுக்கும் நடுவே சில வாரம் இருந்தால் நல்லது. என்னைப் போல மூலத்தைச் சூடாக மனதில் வைத்துக்கொண்டு ரீமேக்கைப் பார்த்தால் ஒவ்வொரு காட்சியும் ஒப்பீடாகிவிடும், தம்பியின் பரீட்சைப் பேப்பர் கிண்டலும் கூடவே வரும். ஒரே ஒரு படத்துக்குத்தான் நேரம் என்றால் யோசிக்கவே வேண்டாம், 1975. ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. ஆக்‌ஷனுக்காக மட்டும் என்றால் 2008. ‘பியாண்ட் அனார்க்கி’யை நான் பாதியில் நிறுத்திவிட்டேன், ஆகவே அதைப் பற்றி நல்லதோ கெட்டதோ சொல்ல எனக்கு உரிமையில்லை.